படை திரண்டாச்சு!

"ஏறிடுச்சு சிஸ்டர்! ஏறிடுச்சு!"

மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவி வந்தவரை, பச்சிளம் குழந்தைகள் வார்டு வாசலிலேயே கையை நீட்டி மறித்தாள் நர்ஸ்.

"மெதுவா! குழந்தைங்க தூங்குது. யார் நீங்க?"

"லேப்ல இருந்து வர்றேன். ஜன்னலோரக் குழந்தைக்கு வெள்ளை அணுக்கள் ஏறிடுச்சு!"

குரலைக் கேட்டதும் அடையாளம் புரிந்தது. இந்த வார்டுக்கு அவள் மாற்றலாகி வந்ததிலிருந்து தினமும் போனில் ரிசல்ட் சொல்லும் குரல். பிறந்த மறுநாளே கிருமி தாக்கி, பால் குடிக்கக்கூடத் தெம்பில்லாமல் துவண்டு கிடந்த குழந்தை அது.

"நிஜமாவா! டாக்டர் நேத்துகூட உதட்டைப் பிதுக்கினாரே?"

"இப்ப அவரே பார்த்துட்டுச் சிரிக்கிறாரு. மருந்து பிடிச்சிருச்சாம், இனி பயமில்லையாம். பொறந்த குழந்தையோட வெள்ளை அணுன்னா, நேத்து வேலைக்குச் சேர்ந்த காவலாளி மாதிரி சிஸ்டர். திருடன் வந்தா 'வாங்க, உட்காருங்க'ம்பான். இங்கே அந்தக் காவலாளியும் அங்கொண்ணு இங்கொண்ணுதான். இன்னிக்குப் பாருங்க, மைக்ராஸ்கோப் கொள்ளாத கூட்டம்!"

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சந்தோஷத்தில் அவளுக்கும் கால் தரையில் நிற்கவில்லை.

அதற்குள் அவர் குழாயைத் திறந்து, முழங்கை வரை சோப்பு போட்டுத் தேய்க்க ஆரம்பித்திருந்தார்.

"சார், எங்க கிளம்பிட்டீங்க? பெத்தவங்களைத் தவிர ஈ, எறும்பு உள்ளே போகக் கூடாது."

"ஒரு நிமிஷம் சிஸ்டர், நான் வந்து..."

"அரை நிமிஷம்கூடக் கிடையாது. உங்களுக்கு இருக்கிற அக்கறையில கால்வாசி அந்த அப்பனுக்கு இருந்தா தேவலை! ஒரு நாள் எட்டிப் பார்த்திருக்கானா? அந்தப் பொண்ணுகிட்ட கேட்டா சிரிச்சே மழுப்புது. கையில கிடைக்கட்டும், நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேக்கறேன்."

அவர் கழுவிய கைகளை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து குழந்தையின் அம்மா எழுந்து வந்தாள்.

"அவரை விடுங்க சிஸ்டர். பிரசவத்தன்னிக்குப் பிடிச்ச சளி சுத்தமா விடட்டும்னு கிட்டயே வராம இருந்தாரு. பொண்ணோட ரத்தத்தைத் தினமும் பார்த்த மனுஷன், முகத்தை இப்பத்தான் பார்க்கப் போறாரு!"