பச்சைக் கட்டங்கள்

“அண்ணே, மறைக்காம சொல்லுங்க. மாத்திரை தினமும் உள்ள போகுதா?”

நர்ஸ் தன் கைபேசியை நீட்டினாள். திரை முழுக்கப் பச்சைக் கட்டங்கள். காலையில் காசநோய் மாத்திரையை நாக்கில் வைத்துத் தண்ணீர் குடிப்பதைக் கொத்தனார் வீடியோ எடுத்து அனுப்பினால், அன்றைக்கு ஒரு பச்சை. தவறினால் சிவப்பு. இதுவரை ஒரு சிவப்புகூட விழவில்லை.

“நீங்கதான் வீடியோவுல பார்க்கிறீங்களே சிஸ்டர். என் பல்லெல்லாம் உங்களுக்கு மனப்பாடம் ஆகியிருக்குமே.”

சிரிக்கப் போனவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. ஆணியில் மாட்டியது போலச் சட்டை தோளில் தொங்கியது. மருந்து ஆரம்பித்து ரெண்டு மாதமான ஆள் இந்நேரம் சாரம் ஏறி வேலை பார்க்க வேண்டும். இவரோ கட்டிலை விட்டு எழவே சுவரைப் பிடிக்கிறார். மருந்துக்குக் கட்டுப்படாத ரகமோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. அப்படியானால் ஆள் பிழைப்பதே கஷ்டம்.

“ஒண்ணுக்கு செவப்பா போகுதா? இந்த மாத்திரை போட்டா அப்படித்தான் போகணும்.”

“போகுது, போகுது” என்றார், ஜன்னலைப் பார்த்தபடி.

“நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. வீட்டு அக்காவுக்கும் இருமல்னு சொன்னீங்களே, அவங்களுக்கு வேற போன் நம்பர் வாங்கியாச்சா? ஒரு நம்பருக்கு ஒரு பேர்தான் ஏறும்னு அன்னைக்கே சொன்னேன். பேர் ஏறாம டெஸ்டும் இல்ல, மாத்திரையும் இல்ல. என் கையில என்ன இருக்கு?”

“வீட்டுக்கே ஒரு போன்தான் சிஸ்டர். அவளுக்கு அது வெறும் சளி. தானா போயிடுச்சு.”

உண்மைதான். அடுப்படி வாசலில் நின்ற மனைவி கன்னத்தில் சதை பிடித்து, ஆளே மாறியிருந்தாள்.

“இவர் பங்கையும் நானே திங்கிறேன்னு தெருவுல பேசிக்கிறாங்க” என்றாள்.

“பேசுறவங்க பேசட்டும், நீ போய் வேலையைப் பாரு” என்று கொத்தனார் அவசரமாக வெட்டினார்.

நர்ஸ் வெளியே வந்து செருப்பைத் தேடினாள். மனைவி பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள்.

“ஒண்ணு கேட்கணும் சிஸ்டர். இவருக்குத் தெரிஞ்சா திட்டுவாரு. எனக்குன்னு இவர்கிட்ட சத்து மாத்திரை கொடுத்து விடுறீங்களே, அதுலதான் என் இருமலே நின்னுச்சு. நீங்க நல்லா இருக்கணும். ஒண்ணுக்குத்தான் செவப்பா போகுது, அது போகட்டும்…”

செருப்புக்குள் பாதி நுழைந்த நர்ஸின் கால் அப்படியே நின்றது.

“காலையில பின்பக்கம் போய் வீடியோ எடுத்துட்டு வந்து, என் கையில வெச்சு முழுங்கச் சொல்வாரு. அது ஏன் சிஸ்டர், அந்த மாத்திரை எப்பவும் ஈரமாவே இருக்கு?”