நடுப்பலகைச் சிமியோன்

"சிமியோன், உவனுக்குச் சொல்லு, மெஷினை இன்னும் கொஞ்சம் குறைக்கட்டாம். கொடுவா துரத்திப் பிடிக்கிற மீன்தான். அதுக்காக நெல்லியடி பஸ்ஸைத் துரத்துற மாதிரித் துரத்தாது."

வள்ளத்தின் முன்பக்கத்தில் இருந்த முத்துக்குமாரு சொன்னார். வெள்ளை இறகு கட்டிய தூண்டில் வள்ளத்துக்குப் பின்னால் தண்ணீரில் இழுபட்டு வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்திருக்க வேண்டுமென்றால் பின்பக்கம் திரும்பித்தான் இருக்கவேண்டும். பின்பக்கத்திலோ வள்ளத்தை ஓட்டும் மெஷினைப் பிடித்தபடி தம்பி கதிரவேலு. ஆகவே தம்பியின் தலைக்கு மேலாகப் பார்ப்பதற்கு அவர் நன்றாகப் பழகியிருந்தார்.

"சிமியோன், அவருக்குச் சொல்லு, உதிலும் குறைச்சால் மெஷின் நிண்டுபோம். என்ரை மெஷின்ரை குணம் எனக்குத் தெரியும்."

நடுப்பலகையில் இருந்த சிமியோன் எந்தப் பக்கமும் சாயாமல், உள்ளே வந்த தண்ணீரை வாளியால் அள்ளி வெளியே ஊற்றினான்.

தகப்பன் விட்டுப்போன சொத்து ஒரு வள்ளமும் ஒரு மெஷினும்தான். வள்ளம் அண்ணனுக்கு, மெஷின் தம்பிக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். அதில் சண்டை இல்லை. தகப்பனின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று சோறு போடும் நேரத்தில், "அப்பு ஆஸ்பத்திரியிலை கிடக்க எட்டியும் பாக்காதவனுக்கு மெஷின் ஒரு கேடு" என்று முத்துக்குமாரு சொந்தக்காரருக்கு முன்னால் சொல்லிவிட்டார். கதிரவேலு அந்த நாட்களில் ஊரடங்கில் அகப்பட்டு வவுனியாவில் நின்றவன். இலையை விட்டு எழுந்தான். வார்த்தை தடித்தது. இனி உன்னோடு கதைத்தால் பார் என்று இரண்டு பேரும் சந்நிதி முருகன் பேரில் சத்தியம் செய்துவிட்டார்கள்.

சந்நிதியான் பேரில் செய்த சத்தியத்தை அந்தக் கரையில் யாரும் மீறமாட்டார்கள். ஆனால் கடலுக்குப் போகத் தடை வந்தபின் தொண்டைமானாற்று நீரேரிதான் பிழைப்பு. மெஷின் இல்லாத வள்ளத்தாலும் வள்ளம் இல்லாத மெஷினாலும் ஒரு பிரயோசனமும் இல்லை. எனவே நடுவில் ஓர் ஆள் வேண்டியிருந்தது. முதலில் ஒன்றுவிட்ட அண்ணன் சண்முகநாதனை ஏற்றினார்கள். அவர் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லி, இருந்த சண்டையைப் பெருப்பித்துவிட்டார். பிறகுதான் இருவருக்கும் சிமியோனைப் பிடித்தது. சொன்னதில் ஒரு சொல்லைக் கூட்டியோ குறைத்தோ அவன் ஒருநாளும் சொன்னதில்லை.

அதுவும் இன்றோடு முடியப்போகிறது. நாளைக்கு மெஷினைக் கழற்றிக்கொண்டு முல்லைத்தீவுக்கு, மனைவியின் ஊருக்குப் போகப்போவதாகக் கதிரவேலு காலையிலேயே சிமியோனிடம் சொல்லிவிட்டான். முத்துக்குமாரு தூண்டிலின் நைலோன் இழையான தங்கூசியை விரலில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். மெஷின் போனால் துடுப்பு இருக்கிறது. இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி போனால் என்ன இருக்கிறது?

அப்போதுதான் தங்கூசி விர்ரென்று கையைச் சுண்டியது. தூரத்தில் ஒரு கொடுவா தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும்பி விழுந்தது. இரண்டு பேரும் அவ்வளவு பெரிய மீனை அந்த நீரேரியில் கண்டதில்லை. தங்கூசி மெஷினுக்குள் போகாமல் பார்க்கும்படி முத்துக்குமாரு சிமியோனிடம் சொல்ல வாயெடுப்பதற்குள் கதிரவேலு மெஷினை நிறுத்தித் தூக்கிவிட்டான். மீன் வள்ளத்துக்கு அடியால் ஓடப் பார்த்தது. தம்பி பாய்ந்து வந்து அண்ணனின் கைக்கு முன்னால் தன் கையைப் போட்டு இழுத்தான்.

மீன் உள்ளே வந்து விழுந்தபோது கதிரவேலுவின் உள்ளங்கையைத் தங்கூசி அறுத்திருந்தது. முத்துக்குமாரு தோளில் கிடந்த துவாயைக் கிழித்து அந்தக் கையைச் சுற்றிக் கட்டினார். கட்டிமுடித்த பிறகும் கையை விடவில்லை.

"சிமியோன், உவனுக்குச் சொல்லு, அந்தியேட்டியிலை நான் சொன்னது பிழை. பாதையெல்லாம் பூட்டிக்கிடக்க உவன் எப்பிடி வாறது? அது எனக்கு அண்டைக்கே தெரியும். உவனைப் போகவேண்டாமெண்டு சொல்லு."

கதிரவேலு கட்டுப்போட்ட கையால் கண்ணைத் துடைத்தான்.

"சிமியோன், என்ரை அண்ணைக்குச் சொல்லு, நான் ஒரு இடமும் போகேல்லை. மெஷினும் இந்த வள்ளத்திலைதான் கிடக்கும்."

கரையில் முத்துக்குமாருவின் மனைவி நல்லம்மா காலையிலிருந்து கதிரவேலு போகப்போவதை நினைத்துத் தவித்துக்கொண்டிருந்தாள். தினமும் கதிரவேலு மெஷினைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பிப் பாராமல் போவதைத்தான் அவள் கண்டிருக்கிறாள். இன்றைக்குத் தம்பி மீனைத் தூக்கிக்கொண்டு அண்ணனுக்குப் பக்கத்தில் நடந்து வந்தான். ஒரு வார்த்தை கதைக்கவில்லை, ஆனால் இரண்டு முகத்திலும் சிரிப்பு.

நல்லம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஓடிப்போய்ச் சிமியோனின் தோளைத் தட்டி, அண்ணனையும் தம்பியையும் மாறிமாறிக் காட்டி, அங்கே என்ன நடந்தது என்று கையைச் சுழற்றிக் கேட்டாள். பிறந்ததிலிருந்து ஒரு சத்தமும் கேட்டறியாத, ஒரு சொல்லும் பேசியறியாத சிமியோன், அவள் மீனைப் பற்றிக் கேட்பதாக நினைத்து, சந்தோஷத்தோடு இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினான்.