வெறும் டெலீட்

"பொண்ணோட அம்மா வர்ற இடத்தையெல்லாம் எடுத்துடும்மா. தாலி கட்டுற வீடியோவுல தாலியறுத்தவ எதுக்கு?" நாற்காலிக்குப் பின்னால் நின்று சொன்னார் மாப்பிள்ளையின் அப்பா.

கல்யாண வீடியோக்களை எடிட் செய்யும் ஜெசிந்தாவுக்குக் கீபோர்டைப் பார்க்க வேண்டியதில்லை. ஷிஃப்ட்டோடு சேர்த்து டெலீட்டை அழுத்தினால் காட்சி போகும். இரண்டு பக்கமும் நகர்ந்து வந்து ஒட்டிக்கொள்ளும். அங்கே ஒருத்தி நின்றாள் என்பதே யாருக்கும் தெரியாது. அவளைவிட வேகமாக ஓர் ஆளை இல்லாமலாக்க இந்த ஊரில் யாராலும் முடியாது.

இன்று ஷிஃப்ட்டைத் தொடவில்லை. வெறும் டெலீட்டை அழுத்தினாள்; காட்சி போகும், அது இருந்த இடம் காலியாக அப்படியே நிற்கும். அதுவும் படத்துக்கு மட்டும், சத்தத்துக்கு இல்லை.

ஓடவிட்டாள். பெண்ணின் அம்மா மணமேடை ஏறும் இடத்தில் திரை கருப்பானது. நாதஸ்வரம் நிற்கவில்லை. கருப்புக்குள்ளிருந்து அந்த அம்மாவின் குரல் மட்டும் கேட்டது: "நல்லா இரு தங்கம்."

"என்னம்மா, நடுவுல ஒண்ணுமே தெரியல?"

"அவங்க நின்ன இடம் சார்."

"அந்த இடைவெளியை மூடு மொதல்ல."

ஜெசிந்தா ஷிஃப்ட் பட்டனை நகத்தால் நெம்பி எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் வாய் திறப்பதற்குள் சத்தத்தைக் கூட்டி, அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டாள்.