இருபத்து மூன்று அங்குலம்

"நிலம் உன்னுது, ரூபன். மரம் ராஜாவோடது" என்றார் ராஜாவின் மர அதிகாரி எனோக் டில்டன், அளவுகோலைக் கக்கத்தில் இடுக்கியபடி.

ரூபன் மச்சான் மரத்தை அண்ணாந்து பார்த்தார். புதுக் கூரைக்கு உத்தரம் என்று பத்து வருஷமாகப் பார்த்துப் பார்த்து வளர விட்ட பைன் மரம். அதில் கோடாலியால் மூன்று கொத்து விழுந்துவிட்டது. ராஜாவின் அம்புக்குறி. இனி அது கடல் தாண்டி லண்டனுக்குப் போய்க் கப்பலுக்குப் பாய்மரம் ஆகும்.

எங்கள் பக்கம் சட்டம் அப்படி. இருபத்து நாலு அங்குலமோ அதற்கு மேலோ தடிமன் இருந்தால் மரம் ராஜாவுக்கு. அதற்குக் குறைந்தால் எனோக் முத்திரை போடுவார், மச்சானின் ஆலையில் அறுக்கலாம். அவர் கோல் சொன்னதுதான் கணக்கு. நாங்கள் மறு அளவு எடுத்ததே இல்லை. முத்திரை விழுந்தால் அறுப்போம், அம்பு விழுந்தால் வயிறெரிவோம்.

"தாகமா இருக்கும்மா. ஒரு வாய் ஆப்பிள் சைடர் கிடைக்குமா?" என்று என் அக்கா மெஹிதபேலிடம் கேட்டார் எனோக்.

"ஆப்பிளும் ராஜாவோடதுதானே? அங்கேயே போய்க் கேளுங்க" என்று கதவைச் சாத்தினாள் அக்கா. ஐந்து வருஷமாக இதே பதில்தான்.

மச்சான் பெருமூச்சு விட்டார். "இன்னொரு மனு எழுதிப் பாக்கறேன்."

"மூணு எழுதியாச்சே மச்சான்! இங்கேருந்து மரம் போவுது, அங்கேருந்து வரி போட்ட தேயிலை வருது. மனுவுக்குப் பதில் மட்டும் வரல."

"ராஜாவுக்குத் தெரியாம நடக்குதுடா, அமோஸ். தெரிஞ்சா விட்டுடுவார்."

எனக்கு அலுத்துவிட்டது. மறுவாரம் எனோக் ஆலைக்கு வந்தபோது நாங்கள் ஏழெட்டுப் பேர் அவரைப் பிடித்துக்கொண்டோம். அம்பு விழுந்த மரம் ஒவ்வொன்றுக்கும் முதுகில் ஒரு அடி. அவர் குதிரையின் வாலை நறுக்கியது நான்தான். கோலைப் பிடுங்கி முழங்காலில் வைத்து இரண்டாக முறித்தேன்.

அடி வாங்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த மனுஷன், கோல் முறிந்ததும் என் காலைப் பிடித்துக்கொண்டார்.

"கோலை மட்டும் குடுத்துடுப்பா. உடைஞ்சதே போதும். உனக்குப் புண்ணியமாப் போவும்."

"பாருங்கடா, முதுகு வலியைவிடக் கோல் போனதுதான் வலிக்குதாம்!" என்று எல்லோரும் சிரித்தோம். மச்சான்தான் தலையில் அடித்துக்கொண்டு எங்களை விலக்கினார். கோல் துண்டுகளை அக்கா ஜன்னலுக்கு முட்டாக வைத்துவிட்டாள்.

ஒரு மாதத்தில் எனோக்குக்குப் பதிலாகப் புது அதிகாரி வந்தார், பின்னால் ஆறு சிப்பாய்களுடன். ஆலை முற்றத்தில் முத்திரை போட்டுக் கிடந்த மரங்களை அளந்தார்.

"இருபத்தஞ்சு. இதுவும் இருபத்தஞ்சு."

"இருக்காதுங்க. எல்லாம் இருபத்து மூணுன்னு பழைய ஐயா அளந்து முத்திரை போட்டதுதான்" என்றார் மச்சான்.

"அப்போ அவன் கோலைக் கொண்டா, பாக்கலாம். கொண்டு வரலேன்னா, முத்திரையை நீயே போட்டுக்கிட்டேன்னு எழுதிட்டு ஆலையைப் பூட்டுவேன்."

எனக்கு உயிர் வந்தது. "உள்ளதான் மச்சான் இருக்கு! ஓடிப் போய் எடுத்துட்டு வாங்க!"

மச்சான் வீட்டுக்குள் போனார். போனவர் போனவர்தான். சிப்பாய்கள் கால் மாற்றி நின்றார்கள். புகைபோக்கியில் திடீரென்று புகை கூடியது.

வெறுங்கையோடு வெளியே வந்தார்.

"அது இல்லீங்க. எரிச்சுட்டோம்."

"என்ன மச்சான் சொல்றீங்க? காலையிலகூட நான்..." மச்சான் என் கையை இறுகப் பிடித்தார்.

பூட்டு விழுந்தது. முப்பது வருஷ ஆலை. "வேணும்னா லண்டனுக்கு மனு போடு" என்று சாவியைப் பையில் போட்டுக்கொண்டார் அதிகாரி.

"கை ஓஞ்சு போச்சுங்க. இனிமே எழுதறதா இல்ல" என்றார் மச்சான்.

அவர்கள் தலை மறைந்ததும் என் பக்கம் திரும்பினார். "ராஜாவே வேணாம்னு ஊர்க்கூட்டத்துல ஒரு காகிதம் சுத்துதே, அதை எடுத்துட்டு வா. கையெழுத்துப் போடறேன்."

எனக்குக் கோபம் பொங்கியது. "அதைப் போடுங்க, வேணாம்னு சொல்லல. ஆனா அந்தக் கோலைக் காட்டியிருந்தா ஆலை நம்மகிட்டயே இருந்திருக்குமே! அந்த அம்புக்காரனோட தடியை எதுக்கு அடுப்புல போட்டீங்க?"

மச்சான் பூட்டிய கதவில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"கொண்டு வர்றதுக்கு முன்னாடி, சந்தேகத்துல என் கோலைப் பக்கத்துல வச்சுப் பார்த்தேன்டா. அதைக் காட்டியிருந்தா எனோக்கைத் தூக்குல போட்டிருப்பாங்க."

"எதுக்கு?"

"அவர் கோல்ல ஓரடின்னு கோடு போட்டிருந்த இடத்துல, நம்ம கோல் பதிமூணு அங்குலம் காட்டுது. இருபத்தஞ்சு அங்குல மரமெல்லாம் அதுல இருபத்து மூணுதான். அஞ்சு வருஷமா நமக்காகத் திருடியிருக்கார் அந்த மனுஷன்."

உள்ளே அடுப்படியில் அக்கா அழுதுகொண்டிருந்தாள்.

"பாவி நான், ஒரு வாய் சைடர் குடுக்கலையே."