கற்கள் மேலே வருவது ஏன்

எத்தனை முறை பொறுக்கினாலும் வீட்டுத் தோட்டத்தில் கல் முளைக்கிறது என்று பலரும் நம்புகிறார்கள். இது பெரும் பிழை. கற்கள் முளைப்பதில்லை, வேடிக்கை பார்க்க மேலே வருகின்றன.

ஒரு கத்தரிப் பாத்திக்கு அடியில் அக்காவும் தங்கையுமாக இரண்டு கற்கள் நெடுங்காலம் ஒட்டிக் கிடந்தன. ஒரு மழையில் மண் இளகியதும் தங்கை நகரத் தொடங்கியது.

"போகாதடி! போனவங்க ஒருத்தரும் திரும்பலை" என்றது அக்கா.

"அப்படின்னா மேல எவ்வளவு நல்லா இருக்கணும்! நீ மண்புழுவோட பேசிக்கிட்டுக் கிட."

தங்கை மேலே வந்து, ஒரு மேகம் கடந்துபோகும்வரை வானத்தைப் பார்த்தது. பிறகு வீட்டுக்காரி அதைப் பொறுக்கி மதிலோரக் குவியலில் எறிந்தாள்.

அக்கா மூன்று மழைக்காலம் தனியே காத்திருந்தது. தங்கை வரவில்லை.

"அவ சொன்னது சரிதான் போல" என்று அக்கா ஒரு நெல்லளவு மேலே நகர்ந்தது.

பாத்தியைக் கொத்தி முடித்த வீட்டுக்காரி, "இனிமே ஒரு கல்லும் இல்லைங்க" என்று கணவனிடம் சொன்னாள்.