ஜோடி ஷூ

2013 மார்ச் 4, ஆம்பூர்: ஆர்டர் மலிவாகத் தைக்கும் வேறு நாட்டுக்குப் போனதால் ஒரு ஷூ கம்பெனி தன் தையல் பெண்களை வீட்டுக்கு அனுப்பியது. வெளிநாட்டுக்கு மாதிரியாக இடது கால் ஷூவை மட்டும் அனுப்பி, வலதை இங்கேயே வைத்துக்கொள்வது அந்தக் கம்பெனியின் வழக்கம். அந்த வருடத் தீபாவளிக்கு முன், ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனியின் சென்னை ஏஜென்ட் அந்த இடது காலைக் கையில் பிடித்தபடி திரும்பி வந்தார். மலிவாகத் தைத்த நாட்டின் சரக்கு முதல் மழையிலேயே தையல் பிரிந்துவிட்டது.

"இன்னா சார், ஒத்த ஷூவோட வந்துட்டீங்க? ஜோடி இங்கதான் இருக்குது!" என்றாள், செய்தி கேட்டு வாசலில் கூடிய பெண்களில் ஒருத்தியான சபுரா. எல்லோரும் சிரித்தார்கள்.

"சும்மா இரும்மா, ஆர்டர் போயிடப் போவுது" என்றார் மேனேஜர்.

"எங்க போவும் பாய்? போய்ப் பாத்துட்டுதானே வந்திருக்குது!"

ஏஜென்ட் விலையைக் கூட்டி ஆர்டரைத் திரும்பக் கொடுத்தார்; அடுத்த திங்கட்கிழமை, கூடுதல் கூலிக்கு, எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள்.