நாற்பத்தேழாவது நாள்

"இன்னிக்கும் 'நாளைக்கு வா'ன்னு சொன்னீங்கன்னா, நான் இங்கேயே உட்கார்ந்துடுவேன் சார்!"

காவல்துறைச் சான்றிதழ் கொடுக்கும் கவுன்ட்டரில் இருந்த ஏட்டு, பேனா மூடியைக் கடித்தபடி அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"முதல்ல மூச்சு விடும்மா."

எப்படி விடுவாள்? அரசாங்கத்தில் கிளார்க் வேலைக்குத் தேர்வாகி நாற்பத்தேழு நாளாகிறது. அவள் மேல் குற்ற வழக்கு எதுவும் இல்லை என்று போலீஸ் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை இன்று ஐந்து மணிக்குள் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பாவிட்டால், அந்த வேலை, பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். இதை நம்பி ஜெராக்ஸ் கடை வேலையையும் விட்டுத் தொலைத்திருந்தாள். எந்த ஊரில், எந்த ஆபீஸில் வேலை என்பதைக்கூடச் சான்றிதழைப் பார்த்த பிறகுதான் சொல்வார்களாம். வீட்டில் மாமியார் வேளைக்கு ஒரு தடவை, "வந்துச்சா?" என்று கேட்டு உயிரை வாங்கிக்கொண்டிருந்தாள்.

"பதினஞ்சு நாள்ல கிடைக்கும்னு போர்டு மாட்டியிருக்கீங்க," என்றான் கூட வந்த கணவன். "இவ மேல ஒரு கேஸும் கிடையாது சார். கோபம் வந்தா என்னை மட்டும்தான் அடிப்பா."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க!"

ஏட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தது.

"தினம் நீ வந்து நிக்கிறதைப் பார்க்கச் சகிக்கலைம்மா. மத்தியானம் சாப்பாட்டை விட்டுட்டு, நானே உன் பைலைத் தேடி எடுத்துப் பார்த்து முடிச்சுட்டேன்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கணவன் தாளைப் பிடுங்காத குறையாக வாங்கி, போனில் படமெடுத்து உடனே அனுப்பினான். மணி நாலே கால். அப்பாடா!

"நல்லா இருப்பீங்க சார். ஆனா ஏன் சார் இத்தனை நாளு?"

"ஆள் இல்லம்மா! இதையெல்லாம் சரிபார்க்கிற கிளார்க் ரிட்டயராகி மூணு மாசமாச்சு. உள்ள எண்ணூறு பைல் தூங்குது. புதுசா ஆள் போட்டாச்சுன்னு ஒன்றரை மாசமா சொல்றாங்க, அந்த மகராசன் வந்து சேர்ந்தபாடில்லை. எங்கே ஊர் சுத்திக்கிட்டிருக்கானோ! வரட்டும், நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்."

"கேளுங்க சார், விடாதீங்க! அந்த ஆளாலதானே நான் இப்படி நாயா அலைஞ்சேன்!"

போன் அடித்தது. தலைமை அலுவலகம்தான். "சரிங்க மேடம்... எங்கே? இங்கேயா?... சரிங்க மேடம்," என்று வைத்தவளுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"என்னடி, எந்த ஆபீஸாம்?" என்று பறந்தான் கணவன்.

அவள் ஏட்டைப் பார்த்து அசட்டுச் சிரிப்பு சிரித்தாள்.

"சார்... அந்த மகராசன் நான்தானாம். அந்த நாலு கேள்வியை நாளைக்குக் காலையில பத்து மணிக்கு மேல கேளுங்க."